பக்கத்து வீட்டுக்காரரின் சைலன்சர்

மேட்டகள்ளி, மைசூரு
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

அனு எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணன் மத்தியானச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? இங்கே எல்லோரும் சுகம். மனிஷாவுக்குக் கோரைப்பல் முளைக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள், என்னையும் சேர்த்து.

வீட்டு விலாசம் இருக்க உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அண்ணன் உடனே ஸ்பீக்கரில் போடச் சொல்வார். இது ஸ்பீக்கரில் பேசுகிற விஷயம் இல்லை. இங்கே என் வீட்டுக்காரருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் நீங்கள் பயமில்லாமல் பதில் எழுதலாம்.

போன வியாழக்கிழமை ரிங் ரோட்டில் போகும்போது எங்கள் காரின் சைலன்சர் பாதியாக ஒடிந்து ரோட்டில் இழுபட்டது. முழுக்கத் துரு. மனிஷா பயந்து அலறிவிட்டாள். ஒடிந்தது பெரிதில்லை அண்ணி. இந்தக் காரைப் பழையதாக வாங்கின அன்றைக்கு, இவருடைய ஃபேக்டரி நண்பர்கள் நாலு பேர் நிற்கும்போது, அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இந்த சைலன்சர் ரெண்டு மழைக்குத் தாங்காது மாப்பிள்ளை. வாங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அன்றைக்கு அப்புறம் இவர் கொள்ளேகால் பக்கம் வரவே இல்லை. சரியாக இரண்டு மழைக்காலம்தான் தாண்டியிருக்கிறது.

கூடப் பிறந்த அண்ணன் சைலன்சர் கடை வைத்திருக்கும்போது இங்கே வேறு கடையில் விட்டால் அதுவும் பேச்சாகும், அங்கே கொண்டு வந்தால் இவருக்குத் தலைகுனிவு. அதனால் யாரிடமும் போகாமல், ஆன்லைனில் வேறு கம்பெனி சைலன்சர் ஒன்றை வரவழைத்திருக்கிறார். தானே மாட்டப் போகிறாராம். ராத்திரி முழுக்க வீடியோ பார்க்கிறார். கார்த்திகையில் மனிஷாவுக்கு முடியிறக்க மாதேஸ்வரன் மலைக்கு இந்தக் காரில்தான் வருவாராம். அண்ணன் காதில் ஒரு சின்னச் சத்தம்கூட விழக் கூடாதாம்.

அண்ணன் மடியில் உட்காரவைத்துத்தான் அவளுக்கு முடியிறக்க வேண்டும். அன்றைக்கு இவர்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச வேண்டும். அதற்குள் கார் இவர் மேல் விழாமல் இருக்க வேண்டும். எனக்கு எந்தப் பயம் பெரியது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டு லிங்கப்பன் கார் என்று சொல்லி, வீட்டிலேயே மாட்டலாமா என்று அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். லிங்கப்பன் என்று யாரும் இங்கே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அனுப்ரியா

---

கொள்ளேகால்
18 ஜூன் 2024

அன்பு அனுவுக்கு,

சரசு எழுதுவது. என் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, மற்றபடி சுகம். மனிஷாவின் ஈறில் நெல்லிக்காய்ச் சாறு தடவாதே, யாராவது சொல்வார்கள். குளிர்ந்த காரட் துண்டைக் கையில் கொடு, பக்கத்திலேயே இரு.

உன் லிங்கப்பனைப் பற்றிச் சாப்பிடும்போது கேட்டேன். உங்கள் அண்ணன் சிரித்தார். கடையில் வாங்கும் கூலி பைப்புக்கு இல்லையாம், குழிக்காம். குழிக்குள் நின்று தலைக்கு மேல் வண்டியைப் பார்த்து வேலை செய்வது வேறு, முதுகைத் தரையில் வைத்துச் செய்வது வேறு என்றார். மாட்டவே முடியாது என்று சொல்லவில்லை. "பொறுமை இருந்தா மாட்டலாம். ஆனா ஜாக்கிய மட்டும் நம்பி அடியில படுக்கக் கூடாதுன்னு அந்தாளுகிட்டச் சொல்லோணும்" என்றார். ஸ்டெப்னி டயரைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்கப் போட வேண்டுமாம், ஜாக்கி நழுவினாலும் அது தாங்கும். பழைய போல்ட்டுக்கு முதல் நாளே மண்ணெண்ணெய் விட வேண்டும். எல்லாவற்றையும் தொங்கவிட்ட பிறகுதான் இறுக்க வேண்டும். வாய் பொருந்தாத பைப்பை வளைத்து ஒட்டுப்போட்டு மாட்டக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "லிங்கப்பன் நல்ல ஆளாட்ட இருக்குது, கேட்டுட்டுச் செய்யறான்" என்றார். நான் ரசம் எடுத்து வருவதுபோல எழுந்து போய்விட்டேன்.

நீ நேரத்துக்குத் தூங்கு. உன் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருப்பது வீடியோ காலிலேயே தெரிகிறது.

உன் அண்ணி,
சரசு

---

மைசூரு
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதமாகத்தான் எழுதுகிறேன். மனிஷாவுக்குச் சளி, பிறகு எனக்கு, பிறகு மறுபடி அவளுக்கு. இப்போது தேவலை. நீங்கள் மாடிப்படி ஏறும் வேலையை வேறு டீச்சரிடம் மாற்றிக் கேட்கக் கூடாதா?

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டியாகிவிட்டது. காலை எட்டு மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்குத்தான் முழுசாக எழுந்தார். ஸ்டெப்னியை அடியில் போடச் சொன்னது என் யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் ஏழு மணி நேரமும் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் ஓனரம்மா சித்தம்மா மனிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் புருஷன் ஓடிப் போக மாட்டான், போய்ச் சமையலைப் பாரு" என்று இரண்டு தடவை சொன்னார். நான் அசையவில்லை.

பழைய போல்ட் இரண்டு ஒடிந்தன. புதுசின் வாய் கார் பைப்பைவிடப் பெரிதாக இருந்தது. எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கிச் சுற்றி, மேலே கிளாம்ப் பட்டை போட்டு இறுக்கினார். ஒட்டுப் போடக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் அடியிலிருந்து வெளியே வந்து, முகமெல்லாம் கரியோடு, "ஆய்த்து பாரு அனு" என்று கன்னடம் கலந்து சொன்னார். அந்த முகத்தைக் கடைசியாக மனிஷா பிறந்தபோது பார்த்தது. கடையில் விட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும், ஆனால் இந்த முகம் கிடைத்திருக்காது. வாயை மூடிக்கொண்டேன்.

சத்தம் இப்போது கனமாக, தொண்டை கட்டினவர் பேசுவதுபோல இருக்கிறது. சாயந்திரம் சாமுண்டி மலை அடிவாரம் வரைக்கும் கூட்டிப் போனார். வரும்போது எனக்குக் கொஞ்சம் தலைவலி. தூக்கம் போதாதுதான் காரணம்.

அண்ணனுக்கு என் அன்பு. எதற்கு என்று சொல்ல வேண்டாம்.

அனு

---

கொள்ளேகால்
26 ஜூலை 2024

அன்பு அனு,

சளி முழுக்கப் போயிற்றா? இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. உங்கள் அண்ணனுக்கு இருமல், கஷாயம் குடிக்கமாட்டேன் என்கிறார்.

முடியிறக்க நாள் பார்த்தாயிற்று: நவம்பர் 17, கார்த்திகை முதல் ஞாயிறு. தாய்மாமன் சீருக்குப் பாவாடைத் துணி எடுத்து வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கடையில் கிரீஸ் டப்பா பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து வந்துவிட்டேன். வெள்ளிக் கொலுசுக்கு அளவு வேண்டுமாம். நூலால் அளந்து கடிதத்திலேயே வைத்து அனுப்பு. "மாப்பிள்ளை வருவாரா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். வருவார் என்றேன்.

தலைவலி என்று எழுதியிருந்தாயே, காரில் போகும்போது மட்டுமா, வீட்டிலும் வருகிறதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

சரசு

---

மைசூரு
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

கொலுசுக்கு அளவு நூல் வைத்திருக்கிறேன். வலது கால்தான் அது. இடது காலைக் கொடுக்கவில்லை. அண்ணன் இருமல் நின்றதா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: காரில் மட்டும்தான்.

பின் சீட்டில் ஜன்னலைத் திறந்தால் லேசாகப் புகை வாசனை. மூடினால் வாசனை இல்லை, ஆனால் தலை கனக்கிறது. மனிஷா காரில் ஏறிய ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறாள். வீட்டில் தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆகும் குழந்தை அண்ணி. இறங்கி வீட்டுக்குள் தூக்கிப் போன பிறகும் எழுப்பினால் சட்டென்று எழுவதில்லை. இவருக்குச் சந்தோஷம். அவர் மாட்டின சைலன்சரின் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கிறது என்கிறார்.

சொன்னேன். கிளாம்ப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, "நீ எதுக்குத்தான் பயப்படல சொல்லு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது உண்மையும்தான். தூங்கும் குழந்தையின் மூக்கு கிட்ட விரல் வைத்துப் பார்ப்பவள் நான். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை மேலேறி வருபவள். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்து என்ன, எது நிஜமான பயம், எது என் பயம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

லிங்கப்பன் காரில் புகை வாசனை வருகிறது என்று அண்ணனிடம் கேட்பீர்களா? சீக்கிரம்.

அனு

---

கொள்ளேகால்
27 ஆகஸ்ட் 2024

அனு,

எல்லோரும் சுகம். அதை விடு.

கேட்டேன். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த வண்டியில கொழந்தை ஏறுதா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆமாம் என்றால் யார் குழந்தை என்று கேட்பார், அதற்கு மேல் எனக்குப் பொய் வராது. இல்லை என்றதும், அப்படியென்றால் நாலு ஜன்னலையும் திறந்துகொண்டு நேராக ஏதாவது ஒரு வெல்டிங் கடைக்கு ஓட்டிப் போகச் சொன்னார். ஓட்டை எங்கே என்று பார்க்க, வண்டி குளிர்ந்திருக்கும்போது, வெட்டவெளியில் ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தர் ஈரச்சாக்கால் பின் குழாயை லேசாக அடைக்க, இன்னொருத்தர் மூட்டில் சோப்புத் தண்ணீர் விட வேண்டும். ஓட்டை இருந்தால் நுரைக்கும். பிறகு, போகிற போக்கில் சொன்னார்: "வாசனையை நம்பக் கூடாது சரசு. வாசனை இல்லாமயும் அந்தப் பொகை ஆளைச் சாய்ச்சுப்புடும். சின்னக் கொழந்தைன்னா வண்டிய ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது."

உன் பயம் நிஜம் அனு. மனிஷாவை அந்தக் காரில் ஏற்றாதே. என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். பதில் உடனே எழுது.

சரசு

---

கொள்ளேகால்
24 செப்டம்பர் 2024

அன்பு அனு,

நாலு வாரமாகிவிட்டது. போனில் நீ "எல்லாம் நல்லா இருக்கு அண்ணி" என்கிறாய், பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்கிறது, அதற்கு மேல் நான் என்ன கேட்பது? மனிஷா எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் ஒரு கார்டில் எழுது.

நான் உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை பெஞ்சில் தலை வைத்துத் தூங்கினாள், அவளை எழுப்பி உட்காரவைத்த பிறகும் நான் அந்த பெஞ்சை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு டயர் மேல் உட்கார்ந்தார். போன் செய்யுங்கள் என்று போனை நீட்டினேன், வாங்கவில்லை. இப்போது போன் செய்தால் மாப்பிள்ளைக்குத்தான் அசிங்கம் என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "லிங்கப்பனுக்கு எழுது. நான் எந்நேரத்துக்கு வரச் சொன்னாலும் வர்றேன்னு. அவங்க வீட்டம்மா ராத்திரி தூங்கறாளான்னும் கேளு."

அப்படியேதான் சொன்னார் அனு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சரசு

---

மைசூரு
6 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மனிஷா சுகம். இதை முதலில் எழுதிவிட்டேன். ஓடுகிறாள், கடிக்கிறாள், தூங்கமாட்டேன் என்கிறாள். லிங்கப்பன் வீட்டம்மாவும் இப்போது தூங்குகிறாள் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஆகஸ்ட் கடிதம் வந்த நாளிலிருந்து அவளைக் காரில் ஏற்றவில்லை. காது வலி என்றேன், மழை என்றேன், பஸ்ஸில் போக ஆசைப்படுகிறாள் என்றேன். மூன்றாவது வாரம் இவர் "என் வண்டின்னாதான் உனக்குக் காரணம் வருது" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். காரைத் தொடாமல் பஸ்ஸில். எதை உங்களுக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதவில்லை.

செப்டம்பர் 19-ஆம் தேதி, வியாழக்கிழமை, நானே பார்த்தேன். காரைத் தெருவுக்கு எடுத்து நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினேன். சித்தம்மா ஈரச்சாக்கைக் குழாயில் வைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "படிச்ச பொண்ணுன்னு வீடு குடுத்தேன், நடுத்தெருவுல வண்டிக்கு மூக்கப் பொத்த வெக்கிறியே" என்றார். மனிஷாவின் ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, முட்டிபோட்டு, டார்ச் அடித்து, ஒரு கரண்டியால் தகடு சுற்றின இடத்தில் விட்டேன்.

நுரைத்தது அண்ணி. பொங்கிக் கீழே வழிந்தது. சரியாகப் பின் சீட்டுக்கு அடியில். தூரத்தில் கதவோரம் நின்ற மனிஷா அதைப் பார்த்துக் கை தட்டினாள். நான் எழுந்து போய் வண்டியை அணைத்தேன். என் பயம் சரியாக இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த மாதிரி எதுவும் தோன்றவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவளை அந்த சீட்டில் படுக்கவைத்தோம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

குழந்தையைச் சித்தம்மாவிடம் விட்டு, நாலு ஜன்னலும் திறந்து, பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாகத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு பன்னிமண்டபத்தில் ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். குழி மேல் நிறுத்தி, தகட்டை வெட்டி எடுத்து, அளவான பைப் துண்டு ஒன்றைச் செருகிச் சுற்றி வர வெல்டிங் வைத்தார்கள். அரை மணி நேரம். வெல்டர் அந்தத் தகட்டை என்னிடம் காட்டி, "யாரும்மா இப்படிப் போட்டது?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன்.

வந்து மறுபடியும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

இவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் காரில் ஏறினேன், வாசனை இல்லை என்றேன். "கிளாம்ப்பை இறுக்கினேன்ல" என்றார். அந்த முகத்தை மறுபடி பார்த்தேன், எப்படிச் சொல்வது?

முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அனு

---

கொள்ளேகால்
14 அக்டோபர் 2024

அன்புத் தங்கை அனுப்ரியாவுக்கு,

அண்ணன் முரளிதரன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் சரசு பார்க்கவில்லை என்று வைத்துக்கொள். ஆயுத பூஜை நல்லபடி ஆனது. இருமல் இல்லை. நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்து வீட்டம்மாவைப் பற்றிச் சரசு சொன்னாள். அந்தம்மா செய்தது சரியான வேலை. என் கடையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவ்வளவு நிதானம் வராது.

ஒரு விஷயம் மட்டும் சொல்லு. அவங்க வீட்டுக்காரரிடம் மறைத்து வைக்க வேண்டாம். தன்னுடைய கிளாம்ப்தான் தாங்குகிறது என்று அவர் நினைத்தால், நாளைக்கு வேறு எதையாவது இதே மாதிரி தகடு சுற்றி மாட்டுவார். அது பிரேக்காக இருந்தால் என்ன செய்வது? வெட்கத்துக்குப் பயந்து வண்டி ஓட்டக் கூடாது.

இன்னொன்று. அந்த மனுஷன் யாரிடமும் கேட்காமல் தரையில் படுத்ததற்கு ஒரு காரணம் இருக்கும். எவனோ ஒருத்தன் நாலு பேர் முன்னால் அவரை ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். சொன்னது நிஜமாகக்கூட இருக்கலாம். சொன்ன இடம் தப்பு. அவன் அதை இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறான், வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியவில்லை. இதையும் அவரிடம் சொல்லு.

கொலுசு வாங்கிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
முரளிதரன்

---

மைசூரு
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பின முறுக்கில் பாதியைச் சித்தம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், கடன்பட்டிருக்கிறேன்.

தாமதம்தான். தைரியம் வர இரண்டு வாரம் ஆனது. தீபாவளி அன்றைக்கு மத்தியானம், சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது உங்கள் கடிதத்தை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். நானாகச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று கடிதத்தையே படித்தேன்.

அவர், தெரியும் என்றார். ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவும்போது அடியில் பார்த்தாராம். தான் சுற்றின தகடு இல்லை, சுற்றி வர வெல்டிங் இருந்தது. நான் எப்போது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாராம். நீங்களே கேட்டிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னது: "கேட்டா, ரெண்டு மாசம் கொழந்தைய அதுல கூட்டிட்டுப் போனேன்னு நானே என் வாயால சொல்லணும் அனு." மனிஷா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அவள் மூக்கு கிட்ட விரலை வைத்தார். தினமும் ராத்திரி நான் தூங்கின பிறகு அதைத்தான் செய்கிறாராம். எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் 'இன்னொன்று' என்று ஆரம்பிக்கும் பத்தியை மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் மறுபடியும்.

கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவது.

"மச்சான், நல்லா இருக்கீங்களா? லிங்கப்பன்னு யாரும் இல்ல, அது நான்தான். (இது அண்ணனுக்குத் தெரியும் என்றேன். பரவாயில்லை, எழுது என்கிறார்.) வண்டி இப்ப நல்லா ஓடுது. ஆனா மலை ஏறணும், கொழந்தை இருக்கு. வீடியோவுல பாத்து நான் மாட்டினது சைலன்சர் மட்டும் இல்ல, போன வருஷம் பின்னாடி பிரேக்கும் நானே மாத்தினேன். (எனக்கு இது இப்போதுதான் தெரிகிறது, அண்ணா.) மலைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்தா எனக்கு நிம்மதி. முந்தின நாள் சனிக்கிழமை காலையிலயே கடைக்கு வர்றோம். நாலு பேர் இருந்தாலும் பரவாயில்ல. ரவிக்குமார்."

அவ்வளவுதான். அண்ணிக்குத் தனியாக எழுதுகிறேன். வெந்நீரிலேயே குளியுங்கள், இருமல் திரும்பி வராமல் இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
அனு

---

கொள்ளேகால்
9 நவம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அனு படித்துக் காட்டுவாள் என்று தமிழிலேயே எழுதுகிறேன். எங்கள் எல்லோருக்கும் சுகம். உங்கள் உடம்பு எப்படி? குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறதா?

கடிதம் கிடைத்தது. பிரேக்கையும் பார்த்துவிடுவோம். கொள்ளேகால் வரைக்கும் மெதுவாக ஓட்டி வாருங்கள், அனுவும் பாப்பாவும் அன்றைக்குப் பஸ்ஸில் வரட்டும். மலைக்கு எல்லோரும் சேர்ந்து காரிலேயே போகலாம்.

சனிக்கிழமை வேறு வண்டி எதுவும் எடுக்கவில்லை. கடைப் பையன்களுக்கும் லீவு சொல்லிவிட்டேன், நாலு பேர் இருக்க மாட்டார்கள். மறுநாள் குழந்தையை மடியில் வைக்கும்போது கையில் கிரீஸ் இருந்தால் சரசு சும்மா விடமாட்டாள், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவோம்.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டாம். என்னுடைய காக்கிச் சட்டை ஒன்றைத் துவைத்து வைத்திருக்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். குழிக்குள்ளே இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறது.

அன்புடன்,
முரளிதரன்